கழிவுப்பாகும் கெண்டை மீனும்

வார இறுதி நாள்களில் சாங்கி கடற்கரைப் பூங்காவில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். நீர் விளிம்பில் தூண்டில் கழிகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கழிக்கும் அருகில் ஒரு மடக்கு நாற்காலியும் ஒரு வாளியும் ஒரு பனிப்பெட்டியும் இருக்கும். தலைக்கு மேல் விமானங்கள் தாழப் பறந்து தரையிறங்கும். தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. அவர்களுடைய கண்கள் கழியின் நுனியிலேயே இருக்கும்.

வாளிக்குள் எட்டிப் பார்த்தால் இறால், கணவாய்த் துண்டு, கடற்புழு ஆகியவற்றைக் காணலாம். இவை கடல் மீனுக்கான இரை. சாங்கி முனையிலிருந்து புலாவ் உபின் தீவு வரை உள்ள கடலில் கொடுவா, கலவாய் போன்ற மீன்கள் உள்ளன. அவை சிறிய மீன்களையும் இறாலையும் வேட்டையாடி உண்பவை. மாவு உருண்டையை அவற்றின் முன் போட்டால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

நன்னீரில் மீன் பிடிப்பவரின் வாளி வேறு மாதிரி இருக்கும். அதில் ரொட்டித் தூள், தவிடு, சோளம், பிண்ணாக்கு, மைதா மாவு ஆகியவை இருக்கும். கூடவே ஒரு புட்டியில் கரிய, கெட்டியான பாகு ஒன்றும் இருக்கும். தார் போலத் தோன்றும் அந்தப் பாகை மாவில் ஊற்றிப் பிசைந்தால் காப்பிக் கொட்டை நிறத்தில் ஓர் உருண்டை கிடைக்கும். கரும்புச் சர்க்கரை வாசம் அடிக்கும் அந்த உருண்டை கெண்டை மீனுக்கானது. புட்டியில் இருக்கும் பாகின் பெயர் மொலாசஸ். தமிழில் இதைக் கழிவுப்பாகு என்பார்கள்.

சர்க்கரை ஆலையின் மிச்சம்

கழிவுப்பாகு எப்படி உண்டாகிறது என்பதை அறிய, முதலில் வெல்லத்தையும் வெள்ளைச் சர்க்கரையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளில் இரண்டும் அருகருகே இருக்கும். இரண்டுமே கரும்புச் சாற்றிலிருந்து வருபவைதாம். வெல்லம் காய்ச்சும்போது சாற்றில் உள்ள எதையும் தனியே பிரிப்பதில்லை. அழுக்கை மட்டும் நீக்கிவிட்டு, சாறு முழுவதையும் சுண்டக் காய்ச்சி அச்சில் ஊற்றிவிடுவார்கள். அதனால்தான் வெல்லத்துக்குப் பழுப்பு நிறமும் தனி மணமும் உண்டு.

சர்க்கரை ஆலையில் நடப்பது வேறு. சாறு சுண்டும்போது சர்க்கரை படிகங்களாகத் திரளத் தொடங்கும். மிக வேகமாகச் சுழலும் ஒரு சல்லடைப் பாத்திரத்தில் அதை ஊற்றினால் படிகங்கள் உள்ளே தங்கிவிடும். பாகு வெளியே தெறித்துவிடும். அந்தப் பாகை மீண்டும் காய்ச்சி மீண்டும் படிகம் எடுப்பார்கள். பொதுவாக மூன்று முறை இப்படிச் செய்த பிறகு, மேற்கொண்டு சர்க்கரை எடுப்பது கட்டுப்படியாகாத ஒரு கட்டம் வரும். அப்போது எஞ்சி நிற்கும் கரிய திரவமே கழிவுப்பாகு.

ஒரு டன் கரும்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ சர்க்கரையும் 40 முதல் 45 கிலோ வரை கழிவுப்பாகும் கிடைக்கும். கழிவு என்ற சொல்லைக் கேட்டு அதில் ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். மீதத்தில் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், இரும்பு ஆகிய தாதுக்களும் சிறிதளவு அமினோ அமிலங்களும் உள்ளன. கரும்பு மண்ணிலிருந்து உறிஞ்சிய தாதுக்களில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரைக்குப் போகாமல் இந்தப் பாகில்தான் தங்கிவிடுகிறது. மாட்டுத் தீவனத்தில் கலக்கவும், எரிசாராயம் வடிக்கவும், ஈஸ்ட் வளர்க்கவும் இது பயன்படுகிறது.

சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் கரும்பு பயிரிடப்பட்டது. இன்றைய பாலெஸ்டியர் சாலைக்கு அந்தப் பெயர் வரக் காரணமானவர் ஜோசப் பாலெஸ்டியர் என்ற அமெரிக்கத் தூதர். அவர் 1830களில் அந்த வட்டாரத்தில் சுமார் 1,000 ஏக்கர் நிலத்தில் கரும்புத் தோட்டம் போட்டார். தோட்டம் நீடிக்கவில்லை, 1840களின் இறுதியில் அது கைமாறிவிட்டது. பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த கரும்புத் தோட்டங்களோ நிலைத்து நின்றன. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஏராளமான தொழிலாளர்கள் அங்கேதான் முதலில் வேலை செய்தார்கள். ரப்பர் தோட்டங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

மாட்டுத் தீவனம் என்றவுடன் லிட்டில் இந்தியாவையும் நினைக்க வேண்டியிருக்கிறது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்களே அங்கு முன்பு எருமைகளும் மாடுகளும் இருந்ததைச் சொல்கின்றன. கால்நடைத் தொழிலை ஒட்டி, கோதுமை அரைக்கும் தொழிலும் எள் ஆட்டும் தொழிலும் அங்கு வளர்ந்தன. தவிடும் பிண்ணாக்கும் அவற்றின் மிச்சம். மாட்டுக்கு எவை மலிவான தீவனமோ அவையே கெண்டைக்கும் மலிவான இரை என்பதை உலகெங்கும் உள்ள தூண்டில்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வாயில் மட்டுமா சுவை?

கெண்டையின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால், இனிப்பு உருண்டை அதை ஏன் கவர்கிறது என்பது ஓரளவு புரியும். சாதாக் கெண்டைக்கு வாயின் ஓரங்களில் இரண்டு இணை மீசைகள் உள்ளன. அவை வெறும் அலங்காரம் அல்ல. மனிதனுக்கு நாக்கில் இருப்பவை போன்ற சுவை அரும்புகள் கெண்டைக்கு மீசையிலும் உதட்டிலும் வாய்க்குள்ளும் உடலின் தோலிலும்கூட இருக்கின்றன. கலங்கிய குளத்தின் அடியில், கண் தெரியாத சேற்றில், அது மீசையால் தடவித் தடவிச் சுவை பார்த்தே உணவைக் கண்டுபிடிக்கிறது.

உணவு தட்டுப்பட்டதும் கெண்டை தன் வாயைக் குழாய் போல முன்னே நீட்டிச் சேற்றோடு சேர்த்து உறிஞ்சும். வாயின் மேற்புறத்தில் உள்ள தசைப்பற்றான ஓர் உறுப்பு உணவை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மண்ணும் கல்லும் வெளியே துப்பப்படும். கெண்டைக்குத் தாடையில் பற்கள் இல்லை, தொண்டையில்தான் இருக்கின்றன. நத்தை ஓட்டையும் கடினமான விதையையும் அவை நொறுக்கிவிடும். இன்னொரு வியப்பு, இந்த மீனுக்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது. உணவு நேராகக் குடலுக்குப் போய்விடுகிறது. அதனால் ஒரே வேளையில் நிறைய உண்டுவிட்டு நாள் முழுவதும் சும்மா இருக்க அதனால் முடிவதில்லை. சிறிது சிறிதாக அடிக்கடி மேய்ந்துகொண்டே இருக்கும். தூண்டில்காரர்களுக்கு இது வசதியான பழக்கம்.

கெண்டைகள் எல்லாம் ஒரே மாதிரி உண்பவை அல்ல என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். புல்கெண்டை நீர்த்தாவரங்களை மேயும். வெள்ளிக்கெண்டை தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுளால் வடிகட்டி உண்ணும். சிங்கப்பூரின் ஈரச் சந்தைகளில் 'சோங்' மீன் என்ற பெயரில் விற்கப்படும் பெரிய தலைக் கெண்டையும் அப்படித்தான். தேக்கா வட்டாரக் கடைகளில் உறைய வைத்து விற்கப்படும் ரோகு, குளத்தின் நடு ஆழத்தில் திரிவது. அடியில் கிளறி உண்ணும் சாதாக் கெண்டைதான் பாகு பிசைந்த உருண்டைக்கு மிகவும் பொருத்தமான விருந்தாளி.

பாகு என்ன செய்கிறது?

ஒரு கிலோ உலர்ந்த மாவுக்கு நான்கைந்து மேசைக்கரண்டி பாகு போதும் என்பது பழகியவர்களின் கணக்கு. பாகை அப்படியே ஊற்றினால் மாவில் திட்டுத் திட்டாக நிற்கும். எனவே வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைவார்கள். அளவு மீறினால் உருண்டை கையிலேயே ஒட்டிக்கொள்ளும். குளத்துக்குள் போனாலும் கரையாமல் களிமண் கட்டி போலக் கிடக்கும். சரியான உருண்டை, கையில் பிடித்தால் உடையாது. தண்ணீரின் அடியைத் தொட்ட சில நிமிடங்களில் தானே உதிரத் தொடங்கும்.

பாகின் முதல் வேலை ஒட்டுவது. தவிடும் ரொட்டித் தூளும் தாமாக ஒன்றோடொன்று ஒட்டா. அடுத்த வேலை மூழ்குவது. கழிவுப்பாகு தண்ணீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு அடர்த்தி உடையது. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டிப் பாகை மெல்ல ஊற்றிப் பார்த்தால் இது விளங்கும். அது மேலே மிதக்காது. கரிய நூல் போல இறங்கி அடியில் தேங்கி, பிறகு மெதுவாகக் கரையும். கெண்டை மேய்வதும் அதே அடித்தளத்தில்தான். உருண்டை உதிர உதிர, கரைந்த சர்க்கரையும் தாதுக்களும் அமினோ அமிலங்களும் அடித்தண்ணீரில் பரவுகின்றன. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மீன் வந்து சேர்கிறது.

இவற்றுள் மீனை உண்மையில் அழைப்பது எது? தூண்டில்காரர்கள் பலர் இனிப்பு என்றே சொல்வார்கள். ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். கெண்டையின் சுவை, மோப்ப உறுப்புகள் அமினோ அமிலங்களுக்கு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. புழு, நத்தை, பூச்சி முதலிய இயற்கை உணவிலிருந்து தண்ணீரில் கசிவதும் அவைதாம். ஆகவே பாகு மட்டும் தனியாக அற்புதம் செய்துவிடாது. பிண்ணாக்கு, மீன்தூள் போன்ற புரதம் நிறைந்த பொருளோடு சேரும்போதுதான் அதற்கு மதிப்பு. புட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த இனிய வாசம் தூண்டில்காரருக்குத்தான் முதலில் பிடித்துப்போகிறது. காற்றில் ஏறி மூக்கை எட்டும் வாசமும் தண்ணீரில் கரைந்து மீனை எட்டும் பொருளும் ஒன்றல்ல.

இனிப்பு கலந்த இரை புதிதும் அல்ல. 1653ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்றை எழுதிய ஐசக் வால்டன், கெண்டைக்கான மாவில் தேன் கலக்கச் சொல்கிறார். அதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே, கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் தம் 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலில் மீன்பிடி விளையாட்டுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். மீன் வகைகள், அவற்றுக்கு இடும் இரை, தூண்டில் கழி, நூல் என அனைத்தையும் அரசர் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதே சுவையான செய்தி. சாதாக் கெண்டை தமிழ்நாட்டுக்கு வந்ததோ மிகவும் பிற்காலத்தில்தான். ஐரோப்பாவில் வளர்க்கப்பட்ட அதன் ஒரு வகை 1939ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. உதகமண்டலத்தின் குளிர்ந்த ஏரியில் அது நன்றாகப் பெருகியது.

விலை உயர்ந்த இரைக்குத்தான் பெரிய மீன் சிக்கும் என்பதும் இல்லை. 1952ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் பிடித்த கெண்டையின் எடை 44 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ. அந்நாட்டில் அதுவரை எவரும் அவ்வளவு பெரிய கெண்டையைப் பிடித்ததில்லை. அவர் கொக்கியில் கோத்திருந்தது வெறும் ரொட்டி. அந்த மீனை உயிரோடு லண்டன் விலங்குத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கு அது மேலும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் வாழ்ந்தது.

மேற்கு நாடுகளில் கழிவுப்பாகு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், குதிரைக்கும் மாட்டுக்கும் தீவனம் விற்கும் கடைகள் அதைப் பெரிய கலன்களில் விற்பதுதான். சிங்கப்பூரில் அது பெரும்பாலும் அடுமனைப் பொருள்கள் விற்கும் கடைகளில் சிறு புட்டிகளில்தான் கிடைக்கும். எனவே மலிவு என்ற பெருமை இங்கு அவ்வளவாகப் பொருந்தாது. வெல்லத்தை நீரில் கரைத்துக் காய்ச்சினாலும் ஏறக்குறைய அதே வேலை நடக்கும்.

ஹொனலுலு துறைமுகத்தில் நடந்தது

இதுவரை சொன்னது ஒரு கரண்டிப் பாகின் கதை. 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹவாயித் தீவுகளின் தலைநகரமான ஹொனலுலுவில் நடந்தது அப்படிப்பட்டதன்று. துறைமுகத்தில் ஒரு கப்பலுக்குக் கழிவுப்பாகு ஏற்றிக்கொண்டிருந்தபோது குழாய் ஒன்றில் கசிவு ஏற்பட்டது. சுமார் 233,000 கேலன், அதாவது ஏறத்தாழ 880,000 லிட்டர் பாகு கடலில் கலந்தது.

எண்ணெய் கொட்டியிருந்தால் அது நீரின் மேல் மிதந்திருக்கும். மிதவைத் தடுப்புகளைப் போட்டு வளைத்து, உறிஞ்சி எடுக்கலாம். பாகு மிதக்கவில்லை. கண்ணாடிக் குவளையில் நடந்ததுதான் துறைமுகத்திலும் நடந்தது. அது நேராக அடிக்குப் போய்த் தேங்கிக் கரைந்தது. அதை அள்ளி எடுக்க வழியே இல்லை. முக்குளிப்பவர்கள் உள்ளே சென்று பார்த்தபோது அடித்தளத்தில் மீன்களும் நண்டுகளும் மடிந்து கிடந்தன. துறைமுகத்திலிருந்து அகற்றப்பட்ட இறந்த மீன்களின் எண்ணிக்கை 26,000ஐத் தாண்டியது. பவளங்களும் அழிந்தன.

பாகில் நஞ்சு எதுவும் இல்லை. மனிதர்கள் ரொட்டியிலும் பணியாரத்திலும் சேர்த்து உண்ணும் பொருள்தான் அது. பிறகு மீன்கள் ஏன் இறந்தன? தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை பெருவிருந்து. விருந்து கிடைத்ததும் அவை கட்டுக்கடங்காமல் பெருகும். சர்க்கரையை உடைத்து ஆற்றல் பெற அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன், மீன்கள் செவுளால் எடுத்துக்கொள்ளும் அதே ஆக்சிஜன்தான். அடித்தண்ணீரில் இருந்ததைப் பாக்டீரியாக்கள் தீர்த்துவிட்டன. மீன்கள் மூச்சுத் திணறி இறந்தன.

இதை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ சர்க்கரை முழுவதுமாகச் சிதைய ஏறத்தாழ 1.1 கிலோ ஆக்சிஜன் தேவை. தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவே கரையும். வெப்பம் கூடக் கூட இன்னும் குறையும். 10 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராம்தான். சிங்கப்பூரின் குளங்களும் நீர்த்தேக்கங்களும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இந்த வெப்பத்தில்தான் இருக்கின்றன. அப்படியானால் ஒரு கிலோ சர்க்கரை, சுமார் 145,000 லிட்டர் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் தீர்த்துவிடக் கூடியது. இரைக்காகக் கலக்கும் ஒரு மேசைக்கரண்டிப் பாகில் 10 கிராம் சர்க்கரை இருந்தால், அதற்கு ஈடு சுமார் 1,450 லிட்டர்.

உண்மையில் இந்தக் கணக்கு அப்படியே நடப்பதில்லை. சர்க்கரையின் ஒரு பகுதி பாக்டீரியாக்களின் உடலாகவே மாறிவிடும். காற்றிலிருந்தும் நீர்ப்பாசிகளிலிருந்தும் புதிய ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும். நீரோட்டம் உள்ள பெரிய ஏரியில் ஒருவர் போடும் நாலு உருண்டை பெரிய மாற்றத்தை உண்டாக்காது. ஆனால் நூறு பேர் நாள்தோறும் வாளி வாளியாகப் போட்டால்? அதுவும் அசையாத, வெப்பமான, அடியில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்திருக்கும் தண்ணீரில்? இரவு நேரத்தில் நீர்ப்பாசிகளும் ஆக்சிஜன் வெளியிடுவதில்லை. மாறாக அவையும் அதை எடுத்துக்கொள்கின்றன. நெருக்கடியான குளங்களில் விடியற்காலையில் மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். பார்ப்பவர்கள் அதை விளையாட்டு என்று எண்ணிக்கொள்வார்கள்.

சாங்கிப் பகுதி மக்களுக்கு மீன்கள் கூட்டமாக இறப்பது புதிய செய்தி அல்ல. புலாவ் உபினைச் சுற்றியும் பாசிர் ரிஸ் கரைக்கு எதிரிலும் ஜொகூர் நீரிணையில் பல மிதவை மீன் பண்ணைகள் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு நுண்பாசிகள் திடீரென்று பெருகின. நூற்றுக்கணக்கான டன் மீன்கள் இறந்துபோயின. விழாக்கால விற்பனைக்காக வளர்த்தவற்றை எல்லாம் இழந்த பண்ணையாளர்கள் உண்டு. அதற்குக் காரணம் கழிவுப்பாகு அல்ல. பாகுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் தண்ணீரில் சத்துப் பொருள்கள் மிகும்போது, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் முதலில் கொழுப்பதும் கண்ணுக்குத் தெரியும் உயிர்கள் பிறகு மடிவதும் இரண்டு இடங்களிலும் நடந்திருக்கின்றன.

அதே பாகு, வேறு வேலை

கழிவுப்பாகை வேண்டுமென்றே குளத்தில் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். இறாலையும் மீனையும் நெருக்கமாக வளர்க்கும் பண்ணைகளில் பெரிய தொல்லை அம்மோனியா. மீனின் கழிவிலிருந்தும் உண்ணாமல் மிஞ்சும் தீவனத்திலிருந்தும் அது உண்டாகிறது. சிறிய அளவிலேயே அது மீனுக்கு நஞ்சாகும். தண்ணீரை அடிக்கடி மாற்றினால் அம்மோனியா குறையும். ஆனால் அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். அழுக்குத் தண்ணீரை எங்கேயாவது வெளியேற்றவும் வேண்டும்.

இஸ்ரேலைச் சேர்ந்த யோராம் அவ்னிமெலெக் உள்ளிட்ட அறிஞர்கள் 1990களில் இதற்கு ஒரு மாற்று வழியை ஆராய்ந்து விளக்கினார்கள். பாக்டீரியாக்கள் உடல் வளர்க்கக் கரிமமும் நைட்ரஜனும் தேவை. அம்மோனியாவில் நைட்ரஜன் இருக்கிறது. குளத்தில் கரிமம் போதாமல் இருப்பதால்தான் அவை அம்மோனியாவைத் தொடுவதில்லை. மலிவான சர்க்கரையைக் கொடுத்தால் அவை அம்மோனியாவையும் சேர்த்து உண்டு பெருகும். பெருகிய பாக்டீரியாக்கள் திரள் திரளாக ஒட்டிக்கொண்டு மிதக்கும். இறாலும் திலாப்பியா மீனும் அந்தத் திரள்களை உணவாகக் கொள்ளும். கழிவு உணவாகிறது, உணவுச் செலவும் குறைகிறது. தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் இறால் வளர்ப்போர் கழிவுப்பாகையோ வெல்லத்தையோ தவிட்டோடு சேர்த்துப் புளிக்க வைத்துக் குளத்தில் ஊற்றுவதும் பாக்டீரியாக்களை நம்பித்தான்.

இந்த முறை பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. பாகு ஊற்றும் குளத்தில் காற்றூட்டும் கருவிகள் ஓயாமல் ஓட வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் அரை நாள்கூடத் தேவையில்லை. ஹொனலுலுவில் நடந்தது சிறு அளவில் அந்தக் குளத்திலும் நடந்துவிடும். அதனால்தான் இத்தகைய பண்ணைகளில் மாற்று மின்னாக்கி ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள்.

சிங்கப்பூரில் எங்கே?

சாங்கிக்கு அருகில் உள்ள நன்னீர்ப் பரப்பு பிடோக் நீர்த்தேக்கம். மணல் தோண்டி எடுக்கப்பட்ட பள்ளத்தில் உருவாக்கப்பட்டு 1986ஆம் ஆண்டில் நிறைவடைந்த அது, பார்ப்பதற்குக் கெண்டைக்கென்றே அமைத்த ஏரி போலத் தோன்றும். ஆனால் சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் தேங்குவது வெறும் மழைநீர் அல்ல. வீட்டுக் குழாயில் வரப்போகும் குடிநீர். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதிப்படி, நீர்த்தேக்கங்களில் அதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே மீன் பிடிக்கலாம். கொக்கியில் மாட்டுவதும் செயற்கை இரையாகவே இருக்க வேண்டும். புழுவோ ரொட்டியோ பாகு பிசைந்த மாவோ கூடாது.

தூண்டில்காரர்கள் சிலருக்கு இதில் குறை உண்டு. கெண்டை, ஓடுகின்ற பிளாஸ்டிக் மீனைத் துரத்திப் பிடிக்கும் வகை அல்ல. செயற்கை இரைக்கு விரால் சிக்கும். மயில்வண்ணப் பாஸ் சிக்கும். கெண்டை சிக்குவது அரிது. ஆகவே இந்த விதி கெண்டைப் பிரியர்களை நீர்த்தேக்கத்திலிருந்து ஏறக்குறைய விலக்கிவிடுகிறது. அவர்களுடைய குறை நியாயமானதுதான். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைத்தால் விதியும் நியாயமாகவே தெரிகிறது. குடிநீரில் கரையும் ஒவ்வொரு கிராம் சர்க்கரையையும் பாக்டீரியாக்கள் வீணாக்காமல் உண்ணும். பிறகு அந்தத் தண்ணீரைத் தூய்மையாக்கும் வேலை யாரோ ஒருவருக்கு மிஞ்சும்.

ஆகையால் பாகுப் புட்டியோடு வருபவர்களுக்கு எஞ்சியிருப்பவை கட்டணம் செலுத்தி மீன் பிடிக்கும் தனியார் குளங்கள்தாம். எந்த இரை போடலாம், பிடித்த மீனை எடுத்துச் செல்லலாமா, திரும்ப விட வேண்டுமா என்பதை ஒவ்வொரு குளமும் தன் விதிப்பலகையில் எழுதி வைத்திருக்கும். இத்தகைய குளத்தில் ஒரு நாளில் எத்தனையோ உருண்டைகள் விழுகின்றன. மீன்களும் நெருக்கமாக இருக்கின்றன. கரையோரம் துடுப்புச் சக்கரம் ஒன்று தண்ணீரை வாரி அடித்து நுரை எழுப்பிக்கொண்டே இருக்கும். அதன் இரைச்சலைப் பற்றி முதல் முறை வருபவர்கள் முணுமுணுப்பதுண்டு. இரவில் தூண்டில்காரர்கள் எல்லாரும் கழியை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சக்கரம் நிற்பதில்லை.